மிஷின் போட்ட ஷிப்டு

வேலையை எங்கே கற்றுக்கொண்டீர்கள் என்று யாராவது கேட்டால், மெட்ராஸில் என்று சொல்லிவிடுவேன். அது பொய். மெட்ராஸில் எனக்கு ஆறு வாரப் பயிற்சியும், ஒரு சான்றிதழும், விடுதிச் சாம்பார் மேல் தீராத வெறுப்பும் கிடைத்தன. வேலையைக் கற்றது கோவில்பட்டியில், ஒரு நூற்பு மில்லில், ஒரு திங்கட்கிழமை காலை ஆறு மணிச் சங்கிலிருந்து பிற்பகல் இரண்டு மணிச் சங்குக்குள். அன்றைக்கு நான் செய்ததை எங்கள் குடும்பம் இன்னும் மறக்கவில்லை. நானும் இன்னும் மன்னிப்புக் கேட்கவில்லை.

அறுபதுகளின் நடுப்பகுதி. கம்ப்யூட்டர் என்ற சொல்லை அந்த மில்லில் நான் ஒருத்திதான் கேள்விப்பட்டிருந்தேன் (பார்த்தவர் யாருமில்லை, நான் உட்பட). எங்களிடம் வந்தது அதற்கு அண்ணன் முறை ஆகும் ஓர் அட்டை மிஷின். மூன்று இரும்பு அலமாரிகள். பஞ்சுப் பொதி இறக்கிக் கைபழகியவர்கள் அதை லாரியிலிருந்து இறக்கினார்கள். பொதியைப் போலவே உருட்டவும் பார்த்தார்கள்.

முதல் அலமாரி, தடித்த அட்டைகளில் துளை போடும். ஓர் ஆளுக்கு ஓர் அட்டை; அவருடைய எண், பெயர், பகுதி எல்லாம் துளைகளாக இருக்கும். இரண்டாவது, துளையைப் பார்த்து அட்டைகளை வெவ்வேறு தட்டுகளில் பிரித்துத் தள்ளும். அதற்குச் சார்ட்டர் என்று பெயர். மூன்றாவது, அட்டையில் இருப்பதைக் காகிதத்தில் அச்சடித்து, அடியில் மொத்தம் எத்தனை பேர் என்றும் காட்டும். எதை அச்சடிக்க வேண்டும், எதை எண்ண வேண்டும் என்று அதற்குச் சொல்வது ஒரு பலகை. பலகை முழுக்கத் துளைகள். எந்தத் துளையிலிருந்து எந்தத் துளைக்கு வயர் போகிறது என்பதுதான் உத்தரவு. இன்றைக்கு இதற்குப் புரோகிராம் என்று பெயர். எழுதுகிறவர்களுக்குக் குளிர்சாதன அறை. அன்றைக்கு எனக்கு வெட்டிவேர்த் தட்டி கட்டிய ஒரு ஜன்னலும், 'வயர்க்காரி' என்ற பட்டப்பெயரும்.

எனக்கு இருபத்திரண்டு வயது. ஊர் இடைசெவல். பள்ளி இறுதி வகுப்பும் தட்டச்சும் தேறி, மில்லில் கடிதம் அடித்துக்கொண்டிருந்தேன். பயிற்சிக்குப் போகச் சொன்னபோது இரண்டு குமாஸ்தாக்கள் மறுத்துவிட்டார்கள். மிஷின் வந்தால் தங்கள் நாற்காலி போய்விடும் என்று பயம். எனக்கு இருந்ததே முக்காலி. நான் போனேன்.

திரும்பி வந்ததும் மேனேஜர் அழைத்துச் சொன்னார்: "ஏம்மா, மூணு மாசம் வாடகைக்கு எடுத்திருக்கு. ஷிப்டு லிஸ்டு ஒழுங்கா வந்தா மிஷின் இருக்கும், நீயும் இருப்பே. புகாருன்னு ஒண்ணு வந்துது, வந்த லாரியிலயே ஏத்தி விட்டுருவேன்."

எதை ஏற்றிவிடுவார் என்று அவர் விளக்கவில்லை. எனக்கு விளங்கியது. ஊரில் அப்பாவும் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார். "ஏலுமட்டும் பாரு. ஏலலேன்னா வந்து பருத்தி எடு" என்று வழியனுப்பியவர். சித்திரை வெயிலில், வெடித்துக் கிடக்கும் கரிசலில், நாள் முழுக்கக் குனிந்து பருத்தி எடுத்த ஒருத்தி, உட்கார்ந்து செய்யும் வேலையை லேசில் விடமாட்டாள்.

மில்லில் மூன்று ஷிப்டு. காலை ஆறு முதல் இரண்டு, இரண்டு முதல் பத்து, பத்து முதல் மறுநாள் ஆறு. யார் எந்த ஷிப்டு என்று மாதாமாதம் எழுதி ஒட்டுகிறவர் டைம்கீப்பர் மைதீன் அண்ணாச்சி. அறுநூற்றுச் சொச்சம் பேருக்கு எழுத அவருக்கு நான்கு நாளும், மூன்று பென்சிலும், கணக்கில்லாத வெற்றிலையும் ஆகும். நான் அதைப் பத்து நிமிஷத்தில் முடிப்பதாகச் சொன்னேன். அவர் என்னை நிமிர்ந்து பார்த்துவிட்டு நோட்டை என் பக்கம் தள்ளினார்.

நோட்டிலிருந்து எல்லாவற்றையும் அட்டைக்கு ஏற்றினேன். ஒன்றைத் தவிர. சில பெயர்களுக்குப் பக்கத்தில் பென்சிலால் சின்னதாக ஒரு வளைவு போட்டிருந்தார்.

"இது என்ன அண்ணாச்சி?"

"அது ஒங்க மிஷினுக்கு வேண்டாம்மா."

"மிஷினுக்கு எல்லாம் வேணும் அண்ணாச்சி."

"பத்து நிமிசத்துல முடிக்கப் போறீய. இதையெல்லாம் வச்சு என்ன செய்யப் போறீய?" என்று வெற்றிலையை மடித்தார்.

வேண்டாம் என்றால் வேண்டாம். நானும் விட்டுவிட்டேன். (இருபத்திரண்டு வயதில் யாரிடமும் ஒரு கேள்வியை இரண்டாம் தடவை கேட்பது தோல்வி என்று நம்பினேன்.)

என் ஏற்பாடு இதுதான். ஆண்களுக்கு, ஆள் எண்ணின் கடைசி இலக்கம் ஒன்று முதல் மூன்று வரை என்றால் முதல் ஷிப்டு. நான்கு முதல் ஆறு வரை இரண்டாவது. ஏழு முதல் ஒன்பது வரை இரவு. பூஜ்யம் என்றால் ஆள் வராத இடத்துக்குப் பதிலி. பெண்களை இரவில் வேலைக்கு வைக்கக் கூடாது. அதை நான் மறக்கவில்லை. ஒற்றைப்படை எண் முதல் ஷிப்டு, இரட்டைப்படை இரண்டாவது. அடுத்த மாதம் அப்படியே சுற்றிவிடலாம். தயவு தாட்சணியம் இல்லை, வேண்டியவர் வேண்டாதவர் இல்லை. உலகத்தில் இதைவிட நியாயமான ஷிப்டு லிஸ்டு கிடையாது என்று அன்றைக்கு நினைத்தேன். நியாயத்தைப் பொறுத்தவரை இன்றைக்கும் அப்படித்தான் நினைக்கிறேன்.

சனிக்கிழமை மத்தியானம் லிஸ்டு அச்சாகி வந்தது. ஒரு வரி கோணவில்லை. மேனேஜர் தடவிப் பார்த்தார். கேட்டுக்குப் பக்கத்துப் பலகையில் ஒட்டினோம்.

சாயங்காலம் வீட்டுக்குப் போனேன். வீடு என்றால் என் அக்கா செண்பகத்தின் வீடு. மில் ஆட்களுக்குக் கட்டிய லைன் வீடுகளில் ஒற்றை அறை. அக்கா நூல் சுற்றும் பகுதியில், அத்தான் வேலுச்சாமி நூற்கும் பகுதியில். அவர்களுக்கு ஆறு மாதக் கைக்குழந்தை, சண்முகம். அக்கா பிள்ளையை மடியில் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

"ஏட்டி கோமதி, என்னையும் ஒங்க அத்தானையும் ஒரே ஷிப்டுல போட்டிருக்கே."

"நான் போடல. மிஷின் போட்டுருக்கு. நீ இருநூத்திப் பதினேழு, ஒத்தப்படை. அத்தான் நூத்தி நாப்பத்திமூணு, கடைசி மூணு."

"அது சரி. பிள்ளைய யாரு பாப்பா?"

இந்த இடத்தில் நான் ஒரு நிமிஷம் யோசித்திருக்கலாம். பிரசவ விடுப்பு முடிந்ததிலிருந்து அக்கா முதல் ஷிப்டுக்குப் போவாள். இரண்டு மணிச் சங்குக்கு அத்தான் மில் வாசலில் பிள்ளையை அவள் கையில் கொடுத்துவிட்டு உள்ளே போவார். தினமும் ஜன்னல் வழியாகப் பார்த்திருக்கிறேன். பாசம் என்று நினைத்தேன்.

"அதெல்லாம் மிஷின் வேலை இல்லக்கா" என்றேன்.

அத்தான் எழுந்து வெளியே போய்விட்டார். அக்கா ஞாயிற்றுக்கிழமை முழுக்க லைனில் ஒவ்வொரு வீடாக ஏறி இறங்கினாள். வார விடுமுறை, நாலு பேரைப் பார்த்துப் பேசுகிறாள் என்று நினைத்தேன்.

திங்கட்கிழமை. ஆறு மணிச் சங்குக்கு ஐந்து நிமிஷம் இருந்தது. மேனேஜர் காலையிலேயே வந்து மிஷினைப் பார்ப்பதாகச் சொல்லியிருந்ததால் நான் சீக்கிரமே வந்து துடைத்துக்கொண்டிருந்தேன். அக்கா நேராக உள்ளே வந்தாள். சண்முகத்தைச் சார்ட்டரின் மேல் உட்காரவைத்தாள்.

"என்னக்கா இது?"

"பாத்தாத் தெரியல? பிள்ளை."

"இங்கன எதுக்குக் கொண்டு வந்தே?"

"மிஷின் போட்ட ஷிப்டுதானே. மிஷினே பாத்துக்கிடட்டும்."

"அக்கா, இது ஆபீசு."

"நாங்களும் மில்லுக்குத்தான் போறோம், சினிமாவுக்கு இல்ல. பாலு குடுத்தாச்சு. எட்டரைக்கு வாரேன். அழுதான்னா மிஷின ஓட்டிக் காட்டு."

அவளுக்குப் பின்னால் வரிசை நின்றது. ஒருத்தி இடுப்பிலிருந்து இறக்கினாள், ஒருத்தி கையைப் பிடித்துக் கூட்டிவந்து விட்டாள், ஒருத்தி சேலைத் தொட்டிலோடு கொடுத்தாள். கடைசியாக வந்தவள் ஒரு கிலுகிலுப்பையை என் மேஜையில் வைத்து, "இது ஆட்டுனாத்தான் சோறு திம்பான்" என்று விளக்கமும் சொன்னாள். சங்கு ஊதியது. கதவு சாத்திக்கொண்டது. பன்னிரண்டு பிள்ளைகள். மூத்தவனுக்கு மூன்று வயது, கடைக்குட்டிக்கு நாலு மாதம். நான் ஒருத்தி. வாசலிலிருந்து அக்காவின் குரல் மட்டும் வந்தது: "ரெண்டு மணி ஷிப்டுக்காரிய இன்னும் ஏழு பிள்ளையோட வருவாவ. எடம் போட்டு வையி."

அடுத்த இரண்டரை மணி நேரத்தைப் பற்றிப் பயிற்சிப் புத்தகத்தில் எதுவும் எழுதியிருக்கவில்லை. நான் இரண்டு வாரம் உட்கார்ந்து செருகிய வயர்களை மூத்தவன் இரண்டு நிமிஷத்தில் உருவி மாலையாகப் போட்டுக்கொண்டான். அட்டையில் துளை போடும்போது உதிரும் காகிதப் பொட்டு ஒரு கூடை நிறைய இருந்தது. பொரி என்று நினைத்து ஒருத்தி அள்ளித் தின்றாள், இன்னொருத்தி மிச்சத்தை அவள் தலையில் கவிழ்த்தாள். நாலு மாதக் குட்டி அழுதது. அது அழுததைப் பார்த்துப் பக்கத்தில் இருந்தது அழுதது. வேறு வழி தெரியாமல் சார்ட்டரை ஓட்டினேன். தடதடவென்று அட்டைகள் ஓடிய சத்தத்தில் பன்னிரண்டும் வாயை மூடின. நிறுத்தினேன். பன்னிரண்டும் திறந்தன. அன்று காலை மில்லின் அத்தனை ஆட்களையும் எந்தக் காரணமும் இல்லாமல் பதினேழு தடவை பிரித்திருக்கிறேன்.

எட்டரைக்குப் பால் கொடுக்கத் தாய்மார்கள் வந்தார்கள். சத்தத்திலும் அவசரத்திலும் நான் ஒரு பிள்ளையைத் தூக்கி ஒருத்தி கையில் கொடுத்தேன். அவள் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"யக்கா, எம்பிள்ளைக்கு மொட்டை அடிச்சிருக்கு. இதுக்கு முடி இருக்கே."

ஒரு விஷயத்தைச் சொல்லியாக வேண்டும். குழந்தைகளை அடையாளம் தெரியாமல் போனதில் எனக்கு வெட்கம் இல்லை. ஆனால் பதிவு இல்லாமல் போனதில் வெட்கமாக இருந்தது. பொருளை வாங்கி வைத்தால் அதற்குச் சீட்டுப் போடாதவள் என்ன வேலைக்காரி? துளை போடும் மிஷினில் உட்கார்ந்தேன். பன்னிரண்டு அட்டை. பெயர், அம்மாவின் ஆள் எண், பகுதி, ஷிப்டு. அதற்கு மேலும் அட்டையில் இடம் காலியாக இருந்தது. காலி இடத்தை வீணாக்காதே என்று மெட்ராஸில் சொல்லியிருந்தார்கள். அப்பாவின் எண்ணையும் போட்டுவைத்தேன். நூல் கண்டிலிருந்து நூலை அறுத்து, ஒவ்வொரு பிள்ளையின் அரைஞாண் கயிற்றிலும் ஓர் அட்டையைக் கட்டினேன்.

சண்முகத்துக்குக் கட்டும்போதுதான் கை நின்றது. இருநூற்றுப் பதினேழு, நூற்று நாற்பத்து மூன்று. என்னிடம் இருந்த அறுநூற்றுச் சொச்சம் அட்டைகளில் அக்கா தனி, அத்தான் தனி. ஒருவருக்கு ஒருவர் யார் என்று எந்த அட்டைக்கும் தெரியாது. இந்தப் பயல் இடுப்பில் தொங்கிய அட்டைக்கு மட்டும் தெரிந்திருந்தது.

கதவு திறந்தது. மைதீன் அண்ணாச்சி. வேடிக்கை பார்க்கத்தான் வந்தார், அதில் சந்தேகமில்லை. தாடியைப் பிடித்து ஒன்று தொங்கியது, காலைக் கட்டிக்கொண்டு ஒன்று நின்றது. தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"அண்ணாச்சி, அந்தப் பென்சில் வளைவு."

"தொட்டிலும்மா" என்றார், தாடியை விடுவித்துக்கொண்டே. "பச்சப்பிள்ளை உள்ள வீடு."

"அன்னைக்கே சொல்லியிருக்கலாம்லா?"

"நீங்க இன்னொரு வாட்டி கேட்டிருக்கலாம்லா?"

இரண்டு பேர் மேலும் தப்பு இருந்ததால் அதைப் பற்றி அப்புறம் பேசவில்லை. அதற்குள் மேனேஜரும் வந்துவிட்டார். வயர் மாலை போட்டவன் அவருக்குக் கும்பிடு போட்டான். அவர் இடுப்பு இடுப்பாகத் தொங்கிய அட்டைகளைப் பார்த்தார், தரை முழுக்கக் கிடந்த பொட்டுகளைப் பார்த்தார், டைம்கீப்பரின் மடியில் இருந்த இரண்டைப் பார்த்தார்.

"இது என்ன மில்லா, பால்வாடியா? லாரிக்குச் சொல்லட்டுமா?"

"ரெண்டு மணிக்குள்ள புது லிஸ்டு ஒட்டுதேன் சார். ஒட்டலேன்னா சொல்லுங்க."

"பழையபடி மைதீன் எழுதட்டும்."

"அவிய எழுதுனா நாலு நாளாவும் சார். இன்னைக்கு ரெண்டு மணிக்கு இன்னும் ஏழு பிள்ளை வருது."

மேனேஜர் எண்ணிப் பார்த்தார். "ரெண்டு மணி" என்று சொல்லிவிட்டு, காலில் ஒட்டிய பொட்டுகளோடு வெளியே போனார்.

பிள்ளைகளை அண்ணாச்சியிடம் விட்டுவிட்டு, நான் பென்சிலை எடுத்துக்கொண்டு நூல் சுற்றும் பகுதிக்குப் போனேன். மெட்ராஸ் சான்றிதழோடு அந்தப் பகுதிக்குள் நான் நுழைந்தது அன்றைக்குத்தான். சத்தத்தில் காதுக்குள் வாயை வைத்துத்தான் பேச வேண்டும். ஒவ்வொருத்தியிடமும் கேட்டேன்: புருஷன் இந்த மில்லா, எண் என்ன, பிள்ளைக்கு என்ன வயது. நான் கேட்காததையும் அவர்கள் சொன்னார்கள். பசுவந்தனையிலிருந்து வருகிறவளுக்குப் பத்து மணிக்கு மேல் பஸ் இல்லை. ஒரே சைக்கிளில் இரண்டு பேர் வருகிறார்கள், ஒருத்தியை மாற்றினால் மற்றவள் நடக்க வேண்டும். அக்கா மட்டும் கையை நிறுத்தாமல், "நேத்துக் கேட்டிருந்தா வீட்டுலயே சொல்லியிருப்பேன்" என்றாள்.

திரும்பி வந்து மொத்தம் இருபத்தாறு பிள்ளை அட்டைகள் போட்டேன். எந்த அட்டையில் அப்பாவும் அம்மாவும் ஒரே ஷிப்டில் விழுகிறார்களோ, அதில் ஒருவரை மாற்றினேன். பழைய பெண்கள் கட்டோடு, முதல் லிஸ்டில் தனிக் கட்டாக விட்டிருந்த பதிலிப் பெண்களின் அட்டைகளையும் சேர்த்துக்கொண்டேன். அவர்களுக்கும் பிள்ளை இருந்தது. வயர்களை மூத்தவன் கழுத்திலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றி, என் குறிப்பைப் பார்த்துத் திரும்பவும் செருகினேன் (அவன் அழுதான், சார்ட்டரை ஓட்டினேன்). ஒன்றே முக்காலுக்கு லிஸ்டு வந்தது.

மைதீன் அண்ணாச்சி பசைச் சட்டியோடு நின்று அதை மேலிருந்து கீழ்வரை வாசித்தார். கடைசி வரியில் விரல் நின்றது. பெண்கள், மொத்தம் ஐம்பத்தேழு.

"ஏம்மா, பதிலியையும் சேத்தா எண்ணுனிய?"

"பொம்பளை எல்லாம் பொம்பளைதான அண்ணாச்சி."

"எனக்கு நாப்பத்தெட்டுக்கு மேல எண்ணக் கூடாதுன்னு உத்தரவு" என்றார். குரலைத் தாழ்த்தி விளக்கினார். ஐம்பது பெண்களுக்கு மேல் வேலை பார்த்தால், பிள்ளைகளுக்கென்று தொட்டிலும் ஆயாவும் உள்ள அறை ஒன்றை மில் வைக்க வேண்டும். சட்டம். அதனால் எங்கள் மில்லின் பெண்கள் எண்ணிக்கை எத்தனையோ வருஷமாக நாற்பத்தெட்டிலேயே நின்றது.

"கீழ்வரிய மட்டும் கிழிச்சிரவா? மேனேஜர் பாத்தாருன்னா ஒங்க வேலை நிக்காது."

கடிகாரம் ஒன்று ஐம்பதைக் காட்டியது. கிழித்தால் லாரி வராது. பருத்தி எடுக்கப் போக வேண்டாம். மிஷின் என்னுடையது. யாருக்கும் தெரியவும் தெரியாது. ஆனால் காலையிலிருந்து பன்னிரண்டு பிள்ளைகளின் அழுகையை நான்தான் கேட்டிருந்தேன். அந்த அறை இருந்திருந்தால் நான் ஒன்றைக்கூடக் கேட்டிருக்க வேண்டியதில்லை. அதைவிட முக்கியம், எண்ணிக்கை சரி. சரியாக வந்த எண்ணை நான் ஏன் கிழிக்க வேண்டும்?

"ஒட்டுங்க அண்ணாச்சி."

ஒட்டினார். நான்கு மூலையிலும் தாராளமாகப் பசை தடவி, யாராலும் கிழிக்க முடியாதபடி ஒட்டினார். இரண்டு மணிக்கு வந்த ஏழு பிள்ளைகளும், ஷிப்டு மாறிய அப்பாக்களோடு வாசலிலிருந்தே வீட்டுக்குத் திரும்பின. இரண்டு மணிச் சங்குக்கு வெளியே வந்த அக்கா முதலில் தன் ஷிப்டைப் பார்த்தாள், பிறகு கீழ்வரியைப் பார்த்தாள். பார்த்ததை வாசலில் நின்று ஊருக்கே கேட்கும்படி வாசித்தாள்.

மேனேஜர் என்னை அழைத்து, எண்ணச் சொன்னது யார் என்று கேட்டார். மிஷின் எண்ணும் சார், மறைக்கத்தான் அதற்குத் தனியாக வயர் போட வேண்டும், அது எனக்குச் சொல்லித்தரவில்லை என்றேன். லாரிக்குச் சொல்வதாகச் சொன்னார். மிஷின் போனால் லிஸ்டை யார் எழுதுவது என்ற கேள்வி வந்தது. மைதீன் அண்ணாச்சி தனக்குக் கண் தெரியவில்லை என்று எழுதிக்கொடுத்துவிட்டார் (அந்தக் கடிதத்தைக் கண்ணாடி இல்லாமல்தான் எழுதினார்). ஐம்பத்தேழு பெண்கள் பிள்ளைகளுக்கு அறை கேட்டுத் தினமும் இரண்டு மணிக்கு வாசலில் நின்றார்கள். மாதம் முடிவதற்குள், கழிவுப் பஞ்சு போட்டுவைத்திருந்த அறையைக் காலி செய்து வெள்ளையடித்துத் தொட்டில் கட்டினார்கள். லாரி வரவில்லை. நான் அந்த மில்லில் இன்னும் ஐந்து வருஷம் இருந்தேன். அப்புறம் மெட்ராஸில் நிஜக் கம்ப்யூட்டர்களோடு முப்பது வருஷம். எந்த வேலையைத் தொடங்கும் முன்னும், அதனால் யார் வீட்டுப் பிள்ளை அழும் என்று இரண்டு தடவை கேட்டிருக்கிறேன். கேட்டு எரிச்சலூட்டியிருக்கிறேன் என்றும் சொல்வார்கள்.

சண்முகம் வளர்ந்து சென்னையில் ஒரு மென்பொருள் கம்பெனியில் சேர்ந்தான். முதல் நாள் கழுத்தில் பட்டையோடு தொங்கும் அடையாள அட்டையைப் போட்டுக்கொண்டு அம்மாவுக்குக் காட்ட வந்தான். அக்கா அதைத் திருப்பிப் பார்த்தாள்.

"ஏலே, ஒனக்கு இதை ஆறு மாசத்துலயே ஒங்க சித்தி கட்டி விட்டாளே. அப்ப இடுப்புல, இப்பக் கழுத்துல. அவ்வளவுதான் நீ வளந்தது."

அன்றிலிருந்து எங்கள் குடும்பத்தில் யாருக்கு எந்த வேலை கிடைத்தாலும், "இடுப்புலயா கழுத்துலயா?" என்றுதான் கேட்பார்கள். கேட்டுவிட்டு என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். சிரிக்கட்டும். சண்முகத்தின் கம்பெனி அட்டையை நானும் வாங்கிப் பார்த்தேன். பெயர், எண், புகைப்படம். அவன் யார் பிள்ளை, அழுதால் யாரைக் கூப்பிட வேண்டும் என்ற விவரம் அதில் கிடையாது. நான் போட்ட அட்டையில் இருந்தது.